கோடு கிழித்தோரும் கோடு அழித்தோரும்

(படிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வீட்டுப் பஞ்சம் என்றதும் நம் நினைவுக்கு வருவன செங்கல், சிமெண்டு, கூலி, கடன் ஆகியவைதாம். இவற்றில் ஏதோ ஒன்று கிடைக்கவில்லை, ஆகவே வீடு எழவில்லை என்று எண்ணுகிறோம். இவையனைத்தும் குறைவறக் கிடைக்கும் நாடு ஒன்று உண்டு; அங்கும் வீட்டுப் பஞ்சம் உண்டு. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவைத்தான் குறிப்பிடுகிறேன். கட்டத் தெரிந்தவன் இருக்கிறான், கடன் கொடுக்க வங்கி இருக்கிறது, வாடகை தரக் குடும்பம் காத்திருக்கிறது, மனையும் இருக்கிறது. வீடு மட்டும் எழவில்லை! தடுத்து நிறுத்தியது எது? காகிதத்தில் கிழிக்கப்பட்ட ஒரு கோடு!

அந்தக் கோட்டின் கதையையும், அதனை அழிக்கப் புறப்பட்ட எளிய மக்களின் கதையையும், மினியாபொலிஸ் என்னும் நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மின்னசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த பெருநகரம் அது. 1924ஆம் ஆண்டு அங்கே மண்டல விதி வந்தது. நகரத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்து, இங்கே தொழிற்சாலை, இங்கே கடைவீதி, இங்கே குடியிருப்பு என வகுத்துரைப்பதே மண்டல விதி. வீட்டுச் சன்னலை ஒட்டிப் புகைபோக்கி எழாமல் தடுப்பது நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், மறுப்பாரில்லை. ஆனால் விதி அத்துடன் நின்றதா? காலப்போக்கில் வீட்டுக்குள்ளேயே உயர்வு தாழ்வு வகுத்தது. ஒரு மனையில் ஒரே குடும்பம் வாழும் தனிவீடு உயர்ந்தது. பல குடித்தனங்கள் வாழும் கட்டடம் தாழ்ந்தது. தாழ்ந்தது உயர்ந்ததன் பக்கம் நெருங்கலாகாது என்றது! 1926ல், யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில், மண்டல விதி செல்லும் எனத் தீர்ப்பளித்த அமெரிக்க உச்சநீதிமன்றம், தனிவீடுகள் நிறைந்த பகுதியில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. அந்தக் கட்டடத்தில் வாடகை கொடுத்து வாழும் உழைப்பாளி, அதைக் கேட்டு என்ன எண்ணியிருப்பான்!

இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடும் இருந்தது. அது நிறக்கோடு. இன்ன இனத்தார் இன்ன தெருவில் வாழக்கூடாது என்று நகராட்சிகள் சட்டமியற்றுவது செல்லாது என 1917லேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் சட்டத்தில் எழுத முடியாததைப் பத்திரத்தில் எழுதினார்கள்! வெள்ளையரல்லாதார்க்கு இந்த மனையை விற்கக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது என்ற வாசகம், மினியாபொலிசில் 1910 முதலே நிலப் பத்திரங்களில் ஏறத்தொடங்கியது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பழைய பத்திரங்களைப் புரட்டி, எந்தத் தெருவில், எந்த மனையில் அந்த வாசகம் இருந்தது என்று வரைபடமே தீட்டியுள்ளனர்.

1931ல் ஆர்தர் லீ என்னும் கறுப்பினத்தவர், முதல் உலகப் போரில் பணியாற்றியவர், அஞ்சல் துறை ஊழியர், அந்நகரின் தென்பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து அவர் வீட்டைச் சூழ்ந்து கூச்சலிட்டனர். நாட்டுக்காகப் போர்முனைக்குச் சென்றவனுக்கு நாட்டின் ஒரு தெருவில் இடமில்லை! லீனா ஆலிவ் சுமித் என்ற கறுப்பின வழக்கறிஞர் அம்மையார் துணைநிற்க, வெளியேற மறுத்து நின்றார் லீ. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துவைத்த நாட்டிலே பிறந்தவர்கள் நாம். கோட்டின் கொடுமையை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

1948ல் அத்தகைய பத்திர வாசகங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தரலாகாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968ல் வீட்டுரிமைச் சட்டமும் வந்தது. பத்திரத்தின் வாசகம் செத்தது. வரைபடத்தின் கோடு சாகவில்லை. குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு, தனிவீட்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கறுப்பர் வரக்கூடாது என்று அந்த விதி கூறவில்லை. தனிவீடு வாங்க வசதியற்றவர் வரமுடியாது என்பதே அதன் பொருள். வசதி சேர்க்கும் வழியை முன்னரே எவருக்கு அடைத்து வைத்திருந்தார்கள் என்பதைத்தான் பார்த்தோமே!

2010ல் 3,82,578 ஆக இருந்த நகர மக்கள்தொகை 2020ல் 4,29,954 ஆயிற்று. வேலை தேடி வந்தனர், படிக்க வந்தனர், பிறந்து வளர்ந்தோரும் தனிக்குடித்தனம் தேடினர். நிலத்தின் பெரும்பகுதியோ பூட்டிக்கிடந்தது. ஒரு வீட்டுக்குப் பலர் போட்டியிட்டால் வாடகை ஏறும். ஏறும் வாடகை முதலில் விரட்டுவது ஏழையை!

இந்நிலையில் கிளர்ந்தெழுந்தனர் சிலர். பெரும் பணக்காரர் அல்லர். வாடகை வீட்டில் வாழ்வோர், இளைஞர், சொந்த வீடிருந்தும் பிறருக்கும் இடம் வேண்டுமென எண்ணியோர். 'நெய்பர்ஸ் பார் மோர் நெய்பர்ஸ்' என்று தம் அமைப்புக்குப் பெயரிட்டனர். அண்டை வீட்டார் இன்னும் பலர் வரவேண்டும் என விரும்பும் அண்டை வீட்டார் என்று பொருள். நகர அமைப்புக் கலை பயின்ற லிசா பெண்டர் என்ற அம்மையார் 2013ல் நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் மன்றத் தலைவருமானார். 2014ல் தனிவீட்டு மனையில் கூடுதலாகச் சிறுவீடு கட்ட வழி பிறந்தது. 2015ல், பேருந்தும் இரயிலும் செல்லும் வழியை அடுத்த கட்டடங்களுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதி தளர்ந்தது. சிறு வெற்றிகள்தாம். ஆனால் சிறு வெற்றியைச் சேர்க்கத் தெரியாதவன் பெருவெற்றி காண்பதில்லை.

2018 மார்ச்சில் 'மினியாபொலிஸ் 2040' என்ற நகரத் திட்டத்தின் வரைவு வெளிவந்தது. எந்த மனையிலும் நான்கு குடித்தன வீடு கட்டலாம் என்றது வரைவு. எழுந்தது எதிர்ப்பு! நம் தெருவின் தோற்றம் கெடும், புல்டோசர் வரும், கட்டட முதலாளிகள்தாம் கொழுப்பார்கள் என்று வீட்டு வாசல்தோறும் பலகை நட்டனர் எதிர்ப்பாளர்கள். ஆதரவாளர்களும் தங்கள் பலகைகளை நட்டனர், கூட்டந்தோறும் சென்றனர், கருத்துரைகளை எழுதிக் குவித்தனர். நகராட்சிக்கு வந்து சேர்ந்த கருத்துரைகள் பத்தாயிரத்துக்கும் மேல்.

கூட்டத்துக்குச் செல்வது ஒரு பெரிய காரியமா என்று கேட்கக்கூடும். பெரிய காரியம்தான், தோழர்களே! மாசசூசெட்ஸ் மாநிலத்து நகரக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2019ல் நூலாக வெளியிட்டனர். அங்கே எழுந்து பேசுவோரில் முதியோரும் ஆடவரும் சொந்த வீடுடையோரும் அவர்களது மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதி. பேசியோரில் பெரும்பாலோர் புதிய வீடுகளை எதிர்த்தே பேசினர் என்று கண்டனர். வியப்பென்ன? வீடு இருப்பவன் கூட்டத்துக்கு வருகிறான். இன்னும் கட்டப்படாத வீட்டில் குடியேறப்போகிறவன் எப்படி வருவான்? அவனுக்கு அந்தத் தெருவில் முகவரி இல்லை, வாக்கும் இல்லை. அவன் சார்பில் ஒருவர் சென்று அமர வேண்டும். அதனைச் செய்தனர் மினியாபொலிசின் எளிய மக்கள்.

நான்கு குடித்தனம் மூன்றாகச் சுருங்கியது. மனம் தளரவில்லை அவர்கள். 2018 டிசம்பர் 7ஆம் நாள் நகரமன்றம் வாக்களித்தது. ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு ஒன்று! தனிவீடு மட்டுமே என்ற விதியை நகர் முழுவதும் நீக்கிய முதல் அமெரிக்கப் பெருநகரம் எனும் பெயர் பெற்றது மினியாபொலிஸ். 2021ல் கார் நிறுத்துமிடக் கட்டாயமும் நகர் முழுவதும் நீங்கியது. சுற்றுச்சூழலுக்கு ஊறு என்று எதிர்ப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023ல் நீதிமன்றம் ஒன்று பழைய திட்டத்துக்கே திரும்புமாறு ஆணையிட்டது. 2024ல்தான், மேல்முறையீட்டுத் தீர்ப்பாலும் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தாலும், திட்டம் மீண்டது. வாக்கெடுப்பில் வென்ற பின்னும் ஐந்தாண்டுப் போராட்டம்!

விளைந்த பயன் என்ன? 2017 முதல் 2022 வரை அந்நகரின் வீடுகள் நூற்றுக்குப் பன்னிரண்டு பெருகின. வாடகை நூற்றுக்கு ஒன்றே உயர்ந்தது. அதே காலத்தில் மாநிலத்தின் பிற பகுதிகளில் வாடகை நூற்றுக்குப் பதினான்கு உயர்ந்தது. இது பியூ அறக்கட்டளை நிறுவனம் வெளியிட்ட கணக்கு. பெருந்தொற்றும் அக்காலத்தில்தான் வந்தது. பெருமையனைத்தும் விதி மாற்றத்துக்கே உரியது என முழங்கினால் அது பொய் முழக்கமாகும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். உலகமெங்கும் பேர்பெற்றது மூன்று குடித்தன விதி. ஆனால் அதன்படி எழுந்த வீடுகள் மிகச் சில! கட்டடத்தின் பருமனுக்கு விதித்த வரம்பு இறுக்கமாகவே இருந்ததால், மூன்று குடித்தனம் கட்டுவது பல மனைகளில் கட்டுப்படியாகவில்லை. பஞ்சத்தைத் தணிக்கப் பெரிதும் உதவியவை, பேருந்துச் சாலைகளின் ஓரம் எழுந்த அடுக்குமாடிகளும், கார் நிறுத்துமிடக் கட்டாயம் நீங்கியதும்தான். பேர்பெற்ற விதி ஒன்று. வீடு கட்டிய விதி வேறொன்று!

கட்டட முதலாளிக்கு ஆதாயம்தானே என்ற கேள்விக்கும் விடை வேண்டும். ஆம், ஆதாயம் உண்டு. ஆனால் பஞ்சம் நீடித்தாலும் ஒருவனுக்கு ஆதாயம் உண்டு. ஏற்கெனவே வீடு வைத்திருப்பவனுக்கு! கட்டுகிறவனின் ஆதாயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கூரையாவது கிடைக்கிறது. அதனாலும் எட்டமுடியாத வறியவர் உண்டு. அவர்களுக்குப் பொதுப்பணத்தில்தான் வீடு கட்டியாகவேண்டும். கோட்டை அழித்தால் அந்த வீட்டுக்கும் நிலம் கிடைக்கும். கோடு நீடித்தால் பொதுப்பணம் இருந்தும் அதனைக் கட்ட இடமிராது.

தோழர்களே! வீட்டுச் சிக்கலைப் பற்றி மேடையில் பேசப்போகிறவர்கள் நீங்கள். பேசுமுன் விதியைப் படியுங்கள். தலைப்பை மட்டுமன்று, பருமனும் உயரமும் இடைவெளியும் கூறும் துணைப்பிரிவுகளையும் படியுங்கள். கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்கு, கைதட்டலில்லாத அந்தக் கூட்டங்களுக்கு, தவறாமல் செல்லுங்கள். விதி மாறியதும் வெற்றிவிழா நடத்தி வீடு திரும்பாதீர்கள். எத்தனை கூரைகள் எழுந்தன என்று ஆண்டுதோறும் எண்ணுங்கள். கூரை எழவில்லையெனில், எந்தத் துணைப்பிரிவு தடுக்கிறது என்று மீண்டும் தேடுங்கள். கோடு கிழித்தவர்கள் பொறுமையோடு கிழித்தார்கள். அதனை அழிக்க அவர்களினும் மிக்க பொறுமை நமக்கு வேண்டும்.