வீட்டிலே ஒரு மின்சுற்றுப் பலகை

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பழுதான வானொலிப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிப் பார்க்காத இளைஞர் இங்கு வெகு சிலரே இருப்பர். பார்த்தவர்கள் அதனுள்ளே ஒரு பலகையையும், அதன்மேல் வாய்க்கால்கள்போல் ஓடும் செப்புக் கோடுகளையும் கண்டிருப்பீர்கள். அதற்கே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்று பெயர். நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியிலும் அது உண்டு. வைத்தியசாலை இயந்திரங்களிலும் உண்டு. அதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதையும், அவ்வாறு செய்பவனுக்கு ஒரு கடமை உண்டு என்பதையும் சொல்லவே நான் இங்கு நிற்கிறேன்.

முன்னாளில் வானொலிக்குள் இப்பலகை இருந்ததில்லை. உறுப்புகளைக் கம்பியாலேயே ஒன்றோடொன்று தொடுத்தார்கள். 1920களில் நமது கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறு அறையொன்றில், எட்வர்ட் ஹார்ப்பரின் தலைமையில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக்கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைத்த காலமும் அதுவே. அந்த முயற்சியின் பயனாக 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி பிறந்தது.

அச்சிட்ட பலகைக்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர் போல் ஐஸ்லர் என்பவர். 1907இல் வியன்னாவில் பிறந்த யூதர். அச்சுத் தொழிலோடும் பழக்கமுடையவர். 1936இல் இங்கிலாந்துக்கு வந்து, லண்டனில் ஒரு தங்குவிடுதியில் வசித்தபோது, அச்சிட்ட சுற்றோடு கூடிய வானொலிப் பெட்டியைச் செய்தார். அதனைக் காட்டியபோது ஒரு நிறுவனம், கம்பி தொடுக்கும் பெண்களின் கூலி இதனிலும் மலிவு என்று கூறி மறுத்துவிட்டது. ஆயினும் உலகப் போருக்குப் பின் அந்த முறையே உலகெங்கும் பரவியது. கவனியுங்கள்: பெருந்தொழிற்சாலையிலன்று, வாடகை அறையிலே முளைத்த கலை இது!

செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கண்ணாடி நார்ப் பலகையின்மேல் மெல்லிய செப்புத் தகடு ஒட்டியிருக்கும். புறக்கோட்டை முதலாங் குறுக்குத் தெருவின் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சுற்றின் படத்தை வழவழப்பான தாளில் லேசர் அச்சுப்பொறியால் அச்சிட்டு, நன்கு துலக்கிய செம்பின்மேல் கவிழ்த்து வைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் சூடாக அழுத்த வேண்டும். அச்சுப்பொறியின் கருந்தூளில் பிளாஸ்டிக் கலந்திருப்பதால் அது உருகிச் செம்பைப் பற்றிக்கொள்ளும். பின் நீரில் ஊறவைத்துத் தாளை உரித்தால் கறுப்புக் கோடுகள் மாத்திரம் எஞ்சும். படம் இடம்வலம் மாறிப் பதியும் என்பதை முன்னரே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பலகையைப் பெரிக் குளோரைட்டுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். மூடியில்லாத செம்பை அது கரைத்துவிடும். கருங்கோட்டின் கீழுள்ள செம்பு தப்பிக்கொள்ளும். பாத்திரம் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கட்டும், உலோகம் ஆகாது. அப்பாத்திரம் மீண்டும் அடுக்களைக்குப் போகவும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். வேட்டியில் தெறித்தால் அந்த மஞ்சட் கறை எளிதில் போகாது. இறுதியில் கருந்தூளைத் துடைத்து, ஒரு மில்லிமீற்றர் அளவில் துளையிட்டு, உறுப்புகளைப் பற்றாசு வைத்து ஒட்டினால் வேலை முடிந்தது. துளையிடும் தூசி நெஞ்சுக்கு ஆகாது, முகக்கவசம் அணியுங்கள்.

"சீனத்துத் தொழிற்சாலைக்குப் படத்தை இணையத்தில் அனுப்பினால், இதனிலும் நேர்த்தியான பலகை தபாலில் வருமே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல பலகைகள் வேண்டியவர் அப்படியே செய்யட்டும். ஆனால் கற்பவனுக்கு வீட்டு முறையே உகந்தது. காலையில் வரைந்ததை மாலையில் பரீட்சிக்கலாம்; கோடு பிழைத்தால் மறுநாளே திருத்தலாம். அதற்கும் மேலாக, பிறர் செய்த பெட்டியை வாங்கி விற்பதோடு நின்றுவிடாமல், அதன் உள்ளே நடப்பதை அறிந்தவனாகிறான். ஒரு பலகையைத் தன் கையால் செய்தவனுக்கு எந்தப் பெட்டியும் மாயமாகத் தோன்றாது.

இனிக் கடமையைப் பற்றிச் சொல்கிறேன். கரைந்த செம்பு எங்கே போயிற்று? அந்தக் கரைசலிலேதான் இருக்கிறது! பத்துச் சதமமீற்றர் சதுரப் பலகையில் ஏறத்தாழ 3 கிராம் செம்பு உண்டு; அதில் 2 கிராம் கரைந்ததெனக் கொள்வோம். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எனவே ஒரே பலகையின் செம்பு ஆயிரம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். மீன்களோ மனிதரைவிட மிகக் குறைந்த அளவிலேயே துன்புறும்.

மலைநாட்டில் பிறந்து வரும் களனி கங்கை நமது மட்டக்குளியின் ஓரத்திலேதான் கடலோடு கலக்கிறது. காக்கைதீவுக் கரையில் வலை வீசுவோர் நம் அயலவர். நாம் வாய்க்காலில் ஊற்றுவது ஆற்றுக்கும் கடலுக்கும் அன்றி வேறெங்கே போகும்?

நான் பயின்ற மிஷன் பாடசாலை ஆய்வுகூடத்தில், மேசையைச் சுத்தம் செய்யும்வரை சோதனை முடிந்ததாகக் கொள்ளமாட்டார்கள். இக்கலைக்கும் அதுவே விதியாகட்டும். கரைசலை ஒருமுறையோடு கொட்டாமல், வலுவிழக்கும்வரை பல பலகைகளுக்குப் பயன்படுத்தலாம். வலுவிழந்தபின் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாக இடுங்கள். நுரைத்துப் பொங்குமாதலால் அவசரம் வேண்டாம். செம்பும் இரும்பும் வண்டலாகப் படியும். அவ்வண்டலை மூடிய கலத்தில் சேர்த்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்று அபாயக் கழிவுகளை ஏற்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதனைத் தனியொருவன் செய்வது சிரமம். மன்றம் செய்வது எளிது. ஆகவே பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். மன்ற மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையும், பூட்டிய பெட்டியில் ஒரு கழிவுக் கலமும் தாருங்கள். இளைஞர்களாகிய நாம் அங்கே கூடிச் செய்வோம். தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் கற்பிப்போம். ஒரு துளியும் வாய்க்காலுக்குப் போகாமல் கணக்கு வைப்போம். செய்யத் தெரிந்தவர் என்ற பெயரோடு, செய்ததற்குப் பொறுப்பேற்றவர் என்ற பெயரும் நமக்குக் கிட்டட்டும்.