பூச்சியத்தின் குறி



சி மொழியில் சிக்கலெண்களைக் கையாளுதல் பற்றிய இக்கருத்தரங்கை வெள்ளவத்தையில் கூட்டியது எனக்கு நிறைவு தருகிறது. காலி வீதியை ஒட்டிய இந்த ஒழுங்கைகளின் ரியூசன் வகுப்புகளில், உயர்தர இணைந்த கணிதத்துக்காக ஆகண் வரிப்படம் கீறிய பிள்ளைகள் எத்தனை பேர்! மட்டு, வீசல் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதே பிள்ளை முதன்முதலாகச் செய்நிரல் எழுதி மறை நான்கின் வர்க்கமூலத்தைக் கேட்கிறது. 'எண் அல்ல' என்று விடை வருகிறது. படித்தது பயன்படாது என்று பிள்ளை அங்கேயே முடிவுகட்டிவிடுகிறது. அது அழைத்தது மெய்யெண்களுக்கான சார்பு என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அதற்காகத்தான் கூடியிருக்கிறோம்.

பௌதிகவியலாளர் டிராக்கின் மாணவரான சி. ஜே. எலியேசர் 1950களில் இதே கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்தார். அவர் தாளில் செய்த வகைக் கணிப்புகளை நம் பிள்ளைகள் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார்கள். போட்ரான் மொழி 1960களிலேயே சிக்கலெண்ணை அறிந்திருந்தது. பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழிக்கோ அது 1999ஆம் ஆண்டுத் தராதரத்தில்தான் கிட்டியது. அதுவரை இரண்டு மாறிகளை ஒரு கட்டமைப்பில் பூட்டி, பெருக்கலையும் வகுத்தலையும் அவரவரே எழுதிக்கொண்டார்கள். இன்று வழக்கமான கணினியில் இரட்டைத் துல்லியச் சிக்கலெண்ணின் மெய்ப்பகுதிக்கு எட்டு பைற்று, அடுத்தாற்போல் கற்பனைப் பகுதிக்கும் எட்டு பைற்று. பெயர்தான் கற்பனை, நினைவகத்தில் அதற்கும் சம இடம்.

நான் கூடுதலாகப் பேச விரும்புவது பூச்சியத்தைப் பற்றி. கணினியில் பூச்சியத்துக்கும் நேர், மறை என்ற குறி உண்டு. மறை நான்கை நேர்ப் பூச்சியக் கற்பனைப் பகுதியோடு கொடுத்தால் மூலம் நேர்க் கற்பனை அச்சில் இரண்டாகும். மறைப் பூச்சியத்தோடு கொடுத்தால் மறைப் பக்கத்தில் இரண்டாகும். மறை மெய்யச்சை மேலிருந்து தொட்டோமா கீழிருந்து தொட்டோமா என்பதை அந்தக் குறி நினைவில் வைத்திருக்கிறது. கணினியியலாளர் வில்லியம் காஹன் 1987இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையை வாசிக்கும்வரை நானும் பூச்சியத்துக்குக் குறி வீண் என்றே எண்ணியிருந்தேன்.

ஆகவே எண்ணை எப்படிக் கட்டுகிறோம் என்பது முக்கியம். கற்பனைப் பகுதியைக் கற்பனை அலகால் பெருக்கி மெய்ப்பகுதியோடு கூட்டுவது பாடசாலைப் பழக்கம். கற்பனைப் பகுதி முடிவிலியானால், பல கொம்பைலர்களில் அலகுக்குள் இருக்கும் பூச்சிய மெய்ப்பகுதியும் முடிவிலியால் பெருக்கப்பட்டு, விடையின் மெய்ப்பகுதியே கெடும். பூச்சியத்தின் குறியும் தொலையக்கூடும். இதைத் தவிர்க்கவே 2011ஆம் ஆண்டுத் தராதரம் 'சி.எம்.பி.எல்.எக்ஸ்' என்ற மக்ரோவைத் தந்தது. அதே தராதரம் சிக்கலெண் வசதியையே கட்டாயமற்றதாக்கியது எனக்கு வருத்தம். மைக்ரோசொவ்ட் கொம்பைலரில் இன்றும் வேறு கட்டமைப்புத்தான். பெருக்கற் குறியிட்டுப் பெருக்க முடியாது.

கட்டுரை வாசிப்போர் தங்கள் கொம்பைலரின் பெயரை முதலில் சொல்லுங்கள். 'கொன்ஜுகேற்' என்பதற்கு 'உடன்புணரி' என்ற சொல் பிள்ளைகளுக்குத் தெரியும், அதையே ஆளுங்கள். மாணவர்கள் மடிக்கணினியைத் திறந்து, மறை நான்கின் மூலத்தை இரு பூச்சியங்களோடும் எடுத்துப் பாருங்கள். முதல் அமர்வைத் தொடக்கிவைக்கிறேன்.