லயத்து வீடும் வேலை உயர்வும்



2015 செப்டம்பரில் கேரளத்து மூணாறு சாலையில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள் போராட உட்கார்ந்தார்கள். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்திருந்தது. நாள்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்காமல் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டார்கள். இந்தக் கூலியில் பிள்ளைகளை எப்படிப் படிக்கவைப்பது என்று கேட்டார்கள். ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது.

பிள்ளைகளைப் பற்றிய இந்தக் கவலை போன்ற குடும்ப நினைப்பு உழைப்பைக் கூட்டும் என்று ஆராய்ச்சியும் சொல்கிறது. மெக்சிகோவில் கூப்பன் சரிபார்க்கும் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து, யோகன் மெங்கஸ் குழுவினர் 2017இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலையில் பிடிப்பில்லாதவரையும் வீட்டு நினைப்பு உழைக்கவைக்கிறது என்பது அதன் சாரம். சரி, அந்த உழைப்பு அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது? என் கவலையெல்லாம் அதுதான்.

கொழுந்து எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு சாக்கை இறக்கிவைக்கிற அம்மாவின் கண் தராசிலேயே இருக்கும். விரல் நுனிகளில் தேயிலைக் கறை. எடையைப் புத்தகத்தில் எழுதுபவர் வேறொருவர். எந்தத் தேயிலைக் காடு எத்தனை நாளில் துளிர்க்கும், எங்கே மட்டம் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் இந்த அம்மாவுக்குக் கைப்பாடம். ஆனாலும் மேற்பார்வை வேலை பெரும்பாலும் ஆண்களுக்கே போகிறது. தனக்கு வராத உயர்வைப் பிள்ளைக்காவது வாங்கிவிட வேண்டும் என்றுதான் மறுநாளும் கூடையை மாட்டுகிறார்.

அந்தப் பிள்ளைக்கும் ஒரு தடை வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஓய்வு பெற்றால், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்தில் வேலைக்கு இருந்தால் தொடர்ந்து தங்கலாம். பெற்றோர் தெருவுக்கு வரக்கூடாதே என்று, படித்த மகளும் கொழுந்து எடுக்கப் போகிறாள். அம்மாவை ஓட வைத்த அதே பாசம் மகளை நிறுத்திவைக்கிறது. இதைப் பிள்ளையின் சோம்பல் என்று பேசுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

வழி இல்லாமல் இல்லை. தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் பணிக்கு இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தனியாக ஆள் எடுக்கிறது. நெல்லியாம்பதியிலும் மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மலையாளம் எழுதப் பழக்குவோம். இங்கே நம்மைக் கூட்டியிருக்கும் அறக்கட்டளையின் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

தோட்ட நிர்வாகங்களையும் அரசையும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்: ஓய்வு பெறும் தொழிலாளிக்கு, பிள்ளை கூடை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், சொந்தமாக ஒரு வீடு கொடுங்கள்.