சிம்சோன் வைத்த பந்தயம்



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்து களியக்காவிளையைத் தாண்டியதும் சாலையோரத்தின் முகம் மாறிவிடும். பழக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்குகிற லாட்டரிச் சீட்டுகள். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2003 ஜனவரியில் தடைசெய்யப்பட்ட சரக்கு, அந்தப் பக்கம், கேரளத்தில், அரசாங்கமே அச்சடித்து விற்கிற சரக்கு. குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நிறைய. வேலைக்கும் வைத்தியத்துக்கும் அடிக்கடி எல்லை தாண்டிப் போய்வருகிறவர்கள். ஓணம் பம்பர் குலுக்கல் சமயத்தில் ஒரு சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை லேசாக உறுத்தும். இது பாவமா, இல்லையா? சபை ஐயரிடம் கேட்டால் ஒரு பதில் வரும், பங்குச் சாமியாரிடம் கேட்டால் இன்னொரு பதில் வரும். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

கேட்கிறவர் வெறுங்கையோடு வருவதில்லை, வாதத்தோடு வருகிறார். கேரள அரசு 1967இல் தொடங்கிய லாட்டரி இது, திருட்டுத் தொழில் இல்லை. காருண்யா லாட்டரி வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போகிறது. நான் யாரையும் ஏமாற்றவில்லை. என் ஐந்நூறு ரூபாய், என் இஷ்டம். அதெல்லாம் போகட்டும், "சூதாடாதே" என்று வேதாகமத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்!

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். காட்ட முடியாது. பத்துக் கட்டளைகளில் இல்லை, மலைப்பிரசங்கத்திலும் இல்லை. இந்த விஷயத்தில் திருவள்ளுவர் இன்னும் நேராகப் பேசுகிறார். சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். வேதாகமத்தில் இருப்பது சீட்டுப் போடுதல், அதுவும் ஏராளமாக. யோசுவா சீலோவில் சீட்டுப் போட்டுத்தான் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டார். யோனா ஏறிய கப்பலில் மாலுமிகள் சீட்டுப் போட்டார்கள். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததும் சீட்டுப் போட்டுத்தான். சிலுவையடியில் இயேசுவின் அங்கிக்காகப் படைவீரர்கள் சீட்டுப் போட்டதைச் சூதாட்டத்துக்கு எதிரான சாட்சியமாகப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. அவர்கள் யாரும் கையிலிருந்த காசைப் பணயம் வைக்கவில்லை. தையலில்லாத ஓர் ஆடையைக் கிழிக்காமல் யாருக்குக் கொடுப்பது என்று பார்த்தார்கள். அவர்கள் செய்த கொடுமை வேறு. ஆக, அதிர்ஷ்டத்திடம் முடிவை விடுவதே பாவம் என்று வாதாட வேதாகமம் இடம் கொடுக்காது.

ஆனால் உண்மையான பணயம் ஒன்று அதில் இருக்கிறது. நியாயாதிபதிகள் புத்தகம், 14ஆம் அதிகாரம். சிம்சோனின் கல்யாண விருந்து, ஏழு நாள் கொண்டாட்டம். மாப்பிள்ளைத் தோழர்களாக வந்த பெலிஸ்தியர் முப்பது பேரிடம் அவன் ஒரு விடுகதை போடுகிறான். விடுவித்தால் முப்பது துப்பட்டிகளும் முப்பது மாற்று வஸ்திரங்களும் அவன் தரவேண்டும். முடியாவிட்டால் அவர்கள் தரவேண்டும். இரு தரப்புக்கும் சம்மதம், விதியும் தெளிவு. இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். பிறகு என்ன நடந்தது? தோற்கப்போகிறோம் என்று கண்டதும் தோழர்கள் மணப்பெண்ணை மிரட்டினார்கள்: விடையை வாங்கித் தா, இல்லாவிட்டால் உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் கொளுத்திவிடுவோம் என்று. அவள் அழுது அழுது விடையை வாங்கினாள். சிம்சோன் தோற்றான். தோற்ற கடனை எப்படி அடைத்தான்? அஸ்கலோனுக்குப் போனான். அங்கே முப்பது பேரைக் கொன்று, அவர்கள் உடையை உரிந்துகொண்டு வந்து கொடுத்தான்.

அந்த முப்பது பேர் விருந்துக்கு வரவே இல்லை. விடுகதையைக் கேட்கவுமில்லை. கடனைக் கட்டியது அவர்கள்தான். பந்தயத்தில் பங்கே இல்லாத மணப்பெண்தான் அந்த ஏழு நாளும் அழுதவள்.

சூதாட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தவன் கேட்கவேண்டிய கேள்வி எனக்கு இந்தக் கதையிலிருந்துதான் கிடைக்கிறது. ஆடுகிறவன் சம்மதித்தானா என்று மட்டும் கேட்டால் போதாது. பணத்தைக் கடைசியில் யார் கட்டுகிறார்கள்? ஆன்லைன் ரம்மியில் தோற்றவர் வீட்டில் மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகிறது, கடன் செயலிக்காரன் போனில் இருக்கும் எண்களுக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்குகிறான். அந்த மனைவியும் பிள்ளையும் ஒரு சீட்டைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

திருச்சபை இதில் ஒரே குரலில் பேசியதில்லை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விரா நகரில் கூடிய ஆயர்கள், காசு வைத்துப் பகடை ஆடும் விசுவாசிக்கு நற்கருணை கிடையாது என்று சட்டம் போட்டார்கள். அதே சட்டம், ஆட்டத்தை விட்டுவிட்டால் ஓராண்டு கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் சியெனா நகரத்துப் பெர்னார்தின் பிரசங்கம் செய்த ஊர்களில் மக்கள் சீட்டுக்கட்டுகளையும் பகடைகளையும் கொண்டுவந்து தீயில் போட்டார்கள். சீட்டுக்கட்டு வரைந்து பிழைத்த ஒருவர் அவரிடம் வந்து, "சாமி, என் பிழைப்பு போச்சே" என்று அழுதாராம். இயேசுவின் திருநாம எழுத்துகளைப் பலகையில் வரைந்து விற்கச் சொன்னாராம் பெர்னார்தின். அது நன்றாக விற்றதாம். புனிதர்களைப் பற்றிய கதைகளில் எவ்வளவு நிஜம் என்று கேட்கக்கூடாது. ஆனால் சூதை எதிர்த்தவர், சூதை நம்பிப் பிழைத்தவனின் அடுப்பைப் பற்றியும் யோசித்ததாக இந்தக் கதை சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. 2003இல் தடை வந்தபோது நம் ஊர்களில் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி எத்தனை சபைகள் யோசித்தன?

இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல், 2413ஆம் பத்தியில், அதிர்ஷ்ட விளையாட்டும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு எதிரானவை அல்ல என்கிறது. தனக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் வேண்டியதை அது பறிக்கும்போதுதான் தவறாகிறது. மோகம் அடிமைத்தனமாகலாம் என்றும் எச்சரிக்கிறது. மறுபக்கம், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பணத்தைப் பற்றிய தம் பிரசங்கத்தில், அயலானின் உடைமைக்குச் சேதம் வருத்திச் சம்பாதிக்கும் வழிகளில் ஒன்றாகச் சூதைச் சேர்த்துவிட்டார். குமரி மாவட்டத்தில் பலமாக வேரூன்றிய இரட்சணிய சேனையில் போர்வீரராகச் சேருகிறவர், மதுவோடு சூதையும் விட்டுவிடுவதாக உறுதி கொடுக்கவேண்டும்.

நான் வெஸ்லி பக்கம் சாய்கிறேன், காரணம் கணக்கு. கடைக்காரர் லாபம் பார்த்தால் நம் கையில் அரிசி இருக்கிறது. லாட்டரியில் ஜெயித்தவர் கையில் இருப்பது தோற்றவர்களின் பணம். அவர்களுக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை. 2023 ஓணம் பம்பரில் 75 லட்சத்துக்கு மேல் சீட்டு விற்றது, முதல் பரிசு 25 கோடி ஒரு சீட்டுக்கு. "பங்குச் சந்தையும் சூதுதானே" என்பவருக்கு ஒரு வார்த்தை: நல்ல கம்பெனியின் பங்கை வாங்கி வைத்திருப்பது சூது அல்ல. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே ஆப்ஷன் ஆடுகிறவரைப் பற்றி அதே தைரியத்தோடு சொல்லமாட்டேன். மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் ஆடிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் ஆய்வே 2024இல் சொன்னது.

"என்னால் தாங்க முடியும், மாதம் ஐந்நூறோடு நிறுத்திக்கொள்வேன்" என்கிறவர் உண்டு. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தத் தொழில் அவரை நம்பி நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் கணக்கெடுத்தபோது, சூதாட்ட இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 சதவீதம், நிறுத்தமுடியாமல் தவிக்கும் ஒரு சிறு கூட்டத்திடமிருந்து வந்தது. இங்கேதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் எனக்கு உதவுகிறது. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவதில் எனக்குத் தடையில்லை, ஆனால் என் உரிமை பலவீனமான சகோதரனை விழவைக்குமென்றால் சாப்பிடமாட்டேன் என்பது அவருடைய முடிவு. பரிசு அவ்வளவு பெரியதாக வளர்வதே அந்தப் பலவீனமான சகோதரனின் பணத்தில்தான்.

அரசாங்கம் நடத்துவதால் சரியாகிவிடுமா? தமிழ்நாடும் 1968இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, பரிசுச் சீட்டு நடத்தியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கம் வயதான நேயர்களுக்கு நினைவிருக்கும். பிற்காலத்தில் ஒரு நம்பர் லாட்டரி என்றும் சுரண்டல் லாட்டரி என்றும் அது கூலிக்காரரின் அன்றாடச் சம்பளத்தைத் தின்றபோது வீட்டுக்கும் போகவில்லை, நாட்டுக்கும் அவ்வளவாகப் போகவில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் இப்படியும் அப்படியும் மாறும். மனசாட்சி அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க முடியாது.

சரி, மாதா கோயில் திருவிழாவில் பத்து ரூபாய்க்குக் குலுக்கல் சீட்டு விற்கிறார்களே, மிக்ஸியும் பிரஷர் குக்கரும் பரிசு என்று? அதை நான் பெரும்பாவம் என்று சொல்லப்போவதில்லை. வாங்குகிறவர் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்போடுதான் வாங்குகிறார், யாரும் அதற்காக அடகு வைப்பதில்லை. ஆனால் சி.எஸ்.ஐ. சபைகளின் அறுப்பின் பண்டிகை ஏலம் எனக்கு அதைவிட நேர்மையாகப் படுகிறது. ஒரு பூசணிக்காயை ஐந்தாயிரத்துக்கு எடுக்கிறவருக்குத் தான் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும். ஊருக்கும் தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அது வேறு பாவம், இன்னொரு நாள் பேசலாம்.

கடைசியாக ஒன்று. பம்பர் விழுந்தவர் தசமபாகம் கொண்டுவந்தால் சபை வாங்கலாமா? பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் கிட்டத்தட்ட இதே கேள்வியை எடுத்து, சூதில் வென்றதைத் தர்மம் செய்யலாமா என்று ஆராய்ந்திருக்கிறார். வயது வராதவரிடமோ, புத்தி சுவாதீனமில்லாதவரிடமோ வென்றதையும், லாப ஆசையால் மற்றவரை ஆட்டத்துக்கு இழுத்து வென்றதையும் தர்மம் செய்யக்கூடாது, தோற்றவரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறார். மனமகிழ் மன்றத்தில் நாலு பேர் ஆடிய ரம்மிக்கு இது சாத்தியம். எதிரே உட்கார்ந்திருந்தவரின் வீடு தெரியும், மறுநாள் போய்க் கொடுத்துவிடலாம். ஓணம் பம்பரில் தோற்ற லட்சக்கணக்கான சீட்டுக்காரர்களின் பெயர் யாரிடமும் இல்லை. அவர்களில் எந்த வீட்டில் அன்று உலை வைக்கவில்லை என்று விசாரித்துச் சொல்லவும் ஆளில்லை. காணிக்கைப் பையை நீட்டுகிற சபை மூப்பரின் இடத்தில் நான் இருந்தால், அந்த உறையை வாங்க என் கை நீளாது.