வயதை அல்ல, நலிவை அளப்போம்

முதியோரின் கிரோன் நோய் குறித்த இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் இவ்வேளையில், அவையின் முன் ஒரு கருத்தை மட்டும் வைக்கிறேன். முதியவர் என்பதற்காக நாம் காட்டும் எச்சரிக்கை, பல நேரங்களில் அவருக்கே தீங்காக முடிகிறது.

1932-இல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் கிரோன் நோயை விவரித்தபோது, பெரும்பாலும் இளையோரைத் தாக்கும் நோயாகவே கண்டார்கள். அந்தப் பார்வை இன்னும் முழுதாக மாறவில்லை. 2005-இன் மான்ட்ரியல் வகைப்பாடு 40 வயதைக் கடந்தவர் அனைவரையும் ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது. ஆனால் கிரோன் நோயை உள்ளடக்கிய குடல் அழற்சி நோய் கண்டறியப்படுவோரில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கிரோன் நோய் பெருங்குடலையே மிகுதியாகப் பற்றுகிறது. இரத்த ஓட்டக் குறைவால் வரும் அழற்சி, மூட்டுவலி மாத்திரைகள் உண்டாக்கும் புண், புற்றுநோய் ஆகியவையும் அதே அறிகுறிகளோடு வருகின்றன. நம் நாட்டில் குடல் காசநோயும் இந்த வரிசையில் உண்டு. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதம் உயர்ந்திருந்தால் அழற்சி இருப்பது தெரியும், காரணம் தெரியாது. ஆகவே ஐயத்தின்பேரில் காசநோய் மருந்தைத் தொடங்குவோர், இரண்டு மாதம் கழித்து மீண்டும் கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியதா என்று பார்ப்பது கட்டாயம். பயனில்லாத மருந்தை நீட்டினால் கிரோன் நோய் குடலைச் சுருக்கிக்கொண்டே போகும். கல்லீரல் பாதிப்பு அபாயமும் வயதோடு கூடும்.

முதுமையில் தொடங்கும் நோய் சற்றே மென்மையாகச் செல்கிறது, ஸ்டீராய்டே போதுமே என்பார்கள். சராசரியில் அது மென்மைதான். ஆனால் ஸ்டீராய்டு மென்மையான மருந்தன்று. எலும்புத் தேய்வு, சர்க்கரை, கண் அழுத்தம், தொற்று, மனக்குழப்பம் என முதுமையின் குறைகளை ஒவ்வொன்றாகப் பெருக்குவது அது. உயிரியல் மருந்துகள் தொற்றை வரவழைக்குமே என்பது அடுத்த தடை. உண்மைதான், அவற்றுள் ஒரு வகையான டி.என்.எஃப். தடுப்பு மருந்துக்கு முன் மறைந்திருக்கும் காசநோயைத் தேட வேண்டும், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அதைத் தவிர்க்க வேண்டும். ஆயினும் அடங்காத அழற்சியும் தொடரும் ஸ்டீராய்டும் தொற்றுக்குக் கதவைத் திறப்பவையே. குடலில் மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாப் போன்ற மருந்துகள் இருக்க, குடலின் ஓர் இடம் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அறுவை சிகிச்சையும் இருக்க, ஸ்டீராய்டிலேயே தங்கிவிட நியாயமில்லை. ஆய்வுகளில் முதியோர் போதிய அளவு இல்லை என்ற மூன்றாம் தடையை ஏற்கிறேன். அது அவர்களை ஆய்வில் சேர்ப்பதற்கான காரணம். சிகிச்சையிலிருந்து விலக்குவதற்கான காரணமன்று.

வயது மட்டும் நலிவைக் காட்டாது. எழுபது வயதில் சுறுசுறுப்பாக நடப்பவரும் உண்டு. அறுபதிலேயே படுக்கையில் விழுந்தவரும் உண்டு. எனவே இவ்வமர்வுகளில் விவாதிக்கப்படும் ஒவ்வொரு நோயாளரைப் பற்றியும் வயதோடு நடை, எடை இழப்பு, உடன்நோய்கள், உண்ணும் மருந்துகள், போட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றையும் கேளுங்கள். ஸ்டீராய்டு தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் குறித்தாக வேண்டும் என்ற தீர்மானத்தோடு இக்கருத்தரங்கு நிறைவுபெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.