குடியேறியவர் வழக்காடலாமா?



 ஒரு நாட்டில் அண்மையிற் குடியேறியவர், அந்நாட்டின் பிரஜையாகாத நிலையிலேயே, அங்குள்ள நியாயஸ்தலங்களில் வக்கீலாக எழுந்து நின்று வாதாட உரிமை பெறலாமா என்பதே இச்சபையில் நமது விசாரணை. பெறலாம் என்பது என் அபிப்பிராயம். தலைமை வகிப்பவன் இரு திறத்தார்க்கும் இனியனாகப் பேசி அமர்வதே மரபெனினும், என் கட்சி இன்னதென்று முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னர் என்னை மறுக்கப்போகும் நண்பர்களுக்கு அது சௌகரியமாக இருக்கும்.

இந்தக் கேள்வி எழுந்த இடங்களிலெல்லாம் அதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் வக்கீல்களே, கட்சிக்காரர்கள் அல்லர். இதற்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு வழக்கின் பொருட்டு, ஓராண்டுக்கென்று பேசிக்கொண்டு, 1893-இல் டர்பன் துறைமுகத்தில் வந்திறங்கிய காந்தியடிகள், மறு ஆண்டு நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் தம்மைப் பதிவு செய்துகொள்ள மனுச் செய்தபோது, அந்நாட்டு வழக்கறிஞர் சங்கம் முழு மூச்சுடன் எதிர்த்தது. அவர் இங்கிலாந்தில் பாரிஸ்டரானதற்குரிய மூல அத்தாட்சி மனுவோடு இணைக்கப்படவில்லை என்பது ஓர் ஆட்சேபம். அது பேருக்குச் சொன்னது. வெள்ளையரல்லாத ஒருவர் இப்படி வந்து நிற்பாரென்று விதிகளை வகுத்த காலத்தில் எவரும் நினைக்கவில்லை என்றும், நேட்டால் ஐரோப்பியர் முயற்சியால் வளர்ந்த நாடாதலால் வக்கீல்களிடையேயும் அவர்கள் கையே ஓங்கியிருக்க வேண்டும் என்றும், இன்று ஒருவரை அநுமதித்தால் நாளை வெள்ளையரல்லாதார் தொகை ஐரோப்பியர் தொகையை மிஞ்சிவிடும் என்றும் சொன்னவையே மெய்யான ஆட்சேபங்கள். இவற்றை அவரே தம் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். மனுதாரருக்குச் சட்டம் தெரியாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை! நிறவேற்றுமை சட்டத்தில் இல்லையென்று கூறிப் பிரதம நீதிபதி மனுவை ஏற்றார், பிரமாணம் செய்வித்தபின், நீதிமன்ற வழக்கப்படி தலைப்பாகையைக் கழற்றுமாறு பணித்தார், அவரும் கழற்றினார்.

இதன்பின் நடந்ததுதான் நம் விசாரணைக்கு முக்கியமானது. அவர் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதங்கள்கூட நிரம்பாத வேளையில், கந்தலுடுத்து, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைத்துணியைக் கையில் ஏந்தியவராய், பாலசுந்தரம் என்னும் தமிழர் அவருடைய ஆபீசுக்குள் அழுதுகொண்டே நுழைந்தார். 1860-இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஏற்றிச்சென்ற முதற் கூட்டத்தார் முதலாக, அங்கே போய்ச் சேர்ந்த ஒப்பந்தக் கூலிகளில் அவரும் ஒருவர்; அவரை அடித்தவரோ டர்பனில் பெயர் பெற்ற ஐரோப்பியர். துணியைக் கையில் ஏந்தி வந்ததும் பணிவால் அன்று. வெள்ளைக்காரர் முன் செல்லும் கூலிகள் அப்படித்தான் செல்லவேண்டும் என்ற வழக்கம் அங்கே அவர்கள்மேல் திணிக்கப்பட்டிருந்தது. ஆபீஸ் குமாஸ்தா தமிழராக இருந்தமையால், நடந்தது முழுவதும் வக்கீலுக்கு விளங்கியது. சாதாரண வேலைக்காரன் எஜமானனை விட்டு ஓடினால் சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி ஓடினாலோ கிரிமினல் குற்றம், சிறை. ஆதலால் புதிய வக்கீல் எஜமானரைத் தண்டிக்கும் வழியை நாடாமல், முதலில் டாக்டரிடம் காயத்துக்கு அத்தாட்சி பெற்று, நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று வாக்குமூலம் கொடுக்கச் செய்து, முடிவில் ஒப்பந்தத்தை வேறோர் எஜமானருக்கு மாற்றுவித்தார். செய்தி நேட்டாலின் கூலி லயங்களெங்கும் பரவியதோடு, கடல் கடந்து சென்னைக்கும் எட்டியது.

வழக்கறிஞர் சங்கத்தின் ஆட்சேபம் வென்றிருக்குமானால் நஷ்டம் காந்தியடிகளுக்கு அதிகமில்லை. அவர் கப்பலேறி ஊர் திரும்பியிருப்பார். நஷ்டப்பட்டிருப்பவர் பாலசுந்தரமே. குடியேறியவருக்கு வக்கீல் உரிமை வேண்டும் என்று நான் வாதிப்பது வக்கீலை முன்னிட்டு அன்று. குடியேறியோர் உள்ள ஊர்களில் அவர்களுடைய பாஷையும் அச்சமும் அறிந்த ஒருவர் நீதிமன்றத்தில் நிற்பது அவர்களுக்கு இன்றியமையாதது என்பதை முன்னிட்டே.

அமெரிக்க நாட்டில் இதே கேள்வி வேறொரு வேஷத்தில் வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் வக்கீலானவர் நீதிமன்ற ஆணைகளில் கையொப்பமிடவும், பிரமாணம் செய்விக்கவும் அதிகாரமுடையவர்; ஆதலால் அவர் அரசாங்க அதிகாரிபோல்வார்; அதிகாரியாகப் பிரஜையே வரவேண்டும் என்று அம்மாநிலத்தார் வாதித்தனர். டச்சுப் பிரஜையான ஃப்ரே லெ பூல் கிரிஃபித்ஸ் அம்மையார் அமெரிக்கரை மணந்து அங்கே வாழ்ந்தபோதிலும், தம் குடியுரிமையை மாற்றிக்கொள்ள விரும்பாமலே வழக்காடினார். 1973-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வக்கீல் தம் கட்சிக்காரரின் நலனைச் சட்டத்துக்குட்பட்டு, அது அரசின் நலனோடு முரண்படும்போதும்கூடக் காக்கக் கடமைப்பட்டவர் என்று அத்தீர்ப்பு விளக்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன். கனடாவில் ஆண்ட்ரூஸ் என்பவர் தொடுத்த வழக்கிலும் 1989-இல் உச்ச நீதிமன்றம் வக்கீல்களுக்கான பிரஜாவுரிமை நிபந்தனையைத் தள்ளியது.

கலிபோர்னியாவின் கதை இன்னும் விசித்திரமானது. முறையான அநுமதிச் சீட்டின்றி வாழ்ந்துவந்த செர்ஜியோ கார்சியா என்பவருக்கு, மாநிலச் சட்டமன்றம் அதற்கென்றே இயற்றிய சட்டத்தைத் துணைக்கொண்டு, 2014 ஜனவரி 2-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் வக்கீல் உரிமை வழங்கியது. அவர் தந்தை அவருக்காகச் செய்த விசா மனு 1995-லேயே ஏற்கப்பட்டும், அவருடைய முறை அன்றுவரை வரவில்லை. அதே நீதிமன்றம் மறு ஆண்டு, சீனராகப் பிறந்த குற்றத்துக்காக 1890-இல் தான் திருப்பியனுப்பிய ஹாங் யென் சாங் என்பவரையும் வக்கீலாக ஏற்றுக்கொண்டது. அவர் 1926-இலேயே காலமாகிவிட்டார். இறந்தவரிடம் வக்காலத்துக் கொடுக்கக் கட்சிக்காரர் எவரும் வரமாட்டார் என்பது நீதிபதிகளுக்கும் தெரிந்தே இருக்கும்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் நான் இலேசாக எண்ணவில்லை. நாடு கடத்தப்படக்கூடிய ஒருவர் நடுவழக்கில் அகற்றப்பட்டால் கட்சிக்காரர் என்ன ஆவார்? சட்ட அறிவைப் பரீட்சையால் அளக்கலாம், ஒழுக்கத்தை விசாரித்தறியலாம், இந்த அபாயத்துக்கு அவ்விரண்டும் பரிகாரமாகா. அத்தகையவரின் வக்காலத்தில் உள்ளூர் வக்கீல் ஒருவரும் உடன் கையொப்பமிட வேண்டும் என்று விதிப்பது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதனினும் மேலான வழியை யாரேனும் காட்டுவாராயின் ஏற்பேன்.

நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இந்தியப் பிரஜைகளையே பதிவுக்கு உரியவராக்கி, அயல்நாட்டாருக்கு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது: அவருடைய நாட்டில் தகுதிபெற்ற இந்தியர் தொழில் புரிய அநுமதியிருந்தால், இங்கே அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். வியாபார உடன்படிக்கைக்கு இது பொருத்தமான பரஸ்பர நியதியாகலாம். ஆயின், 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து ஓடிவந்து தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிய குடும்பத்தில், இந்தியப் பிரஜாவுரிமையின்றி வளர்ந்து சட்டம் கற்ற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் வக்கீலாவது அவளுடைய கல்வியையும் நடத்தையையும் பொறுத்ததன்று. அவள் பெற்றோர் எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தனரோ, அந்த அரசு நம்மவரை எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தது. அகதிக்கு இப்படியோர் அளவுகோலை வைப்பது எந்த நியாயத்தில் சேரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பரஸ்பர நியதியை வெகு திறமையாக ஆதரித்து எழுதப்பட்ட கட்டுரைதான் நம் நிகழ்ச்சிநிரலில் முதலாவதாக இருக்கிறது. கையெழுத்துப் பிரதியை நேற்றிரவு படித்தேன். அதன் ஆசிரியர் மேடைக்கு வருமாறு வேண்டுகிறேன். அவர் படித்து முடிக்கும் வரை வினாக்களை எழுதி வைத்திருங்கள். என்னுடைய வினாக்கள் கடைசியில் வரட்டும்.