முன்பணம் கேட்பவனிடம் ரேரா நம்பர் கேளுங்கள்!

பொம்மசந்திராவில் ஷிப்ட் முடித்து நேரே இங்கே வந்து நிற்கும் தோழர்களே!

ஓசூர் ரோட்டில் மனை விற்பனை போர்டு தொங்காத கம்பம் ஒன்று உண்டா? எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பதினைந்து நிமிடமாம்! அத்திபெலே டோல்கேட்டில் நாம் நிற்கிற நேரத்தை எந்தக் கம்பெனிக்காரன் அந்தக் கணக்கில் சேர்த்தான்?

2020 வரை கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் குறுக்கே நின்றன. அந்த ஆண்டு அவற்றை எடுத்துவிட்டார்கள். உழவனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்றார்கள். இன்று ராகி விளைந்த மண்ணில் கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, ‘மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்’ என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். பணம் நீ போடு, மரம் நான் வளர்க்கிறேன் என்கிறார்கள். சந்தனமாம், செம்மரமாம்!

இந்தக் கதை நமக்குப் புதிதா? 1990களில் சென்னையில் அனுபவ் பிளான்டேஷன்ஸ் தேக்கு காட்டியது. 1998-ல் கவிழ்ந்தது. ஓய்வூதியப் பணத்தைக் கொட்டியவர்கள் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். அடுத்தது பிஏசிஎல். விவசாய நிலம் என்று சொல்லி, ஏஜென்டை வீட்டு வாசலுக்கே அனுப்பித் தவணை வசூலித்தது. 2014 ஆகஸ்டில் செபி திருப்பிக் கொடுக்கச் சொன்ன தொகை 49,100 கோடி ரூபாய்! பணம் கட்டியவர்கள் 5 கோடிக்கும் மேல். பணத்தைத் திருப்பிக் கொடுக்க 2016-ல் உச்ச நீதிமன்றம் லோதா கமிட்டியை அமைத்தது. அதன் பிறகும் சில ஆயிரம் ரூபாய் போட்டவர்களிடமிருந்து தொடங்கி, சொட்டுச் சொட்டாகத்தான் பணம் வந்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா. திட்டத்தை ரேராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அக்ரிமென்டைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களிடம் வாங்கியதில் 70 சதவீதம் தனிக் கணக்கில், அந்தத் திட்டத்துக்கு மட்டுமே. ஆனால் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். “இது புக்கிங் இல்லை சார், ப்ரீ-லாஞ்ச்” என்பான். “விவசாய நிலத்துக்கு ரேரா வராது” என்பான். 500 சதுர மீட்டர் வரை பதிவு வேண்டாம் என்ற சலுகையைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஐந்து குண்டே வீதம் துண்டு போடுவான்.

ஒழுங்காகக் கட்டிக் கொடுக்கிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களுக்கு ரேரா பதிவு நம்பரைக் காட்ட என்ன தயக்கம்?

என் கோபம் அரசு மேல்தான் அதிகம். வட்டியோடு பணத்தைக் கொடு என்று ரேரா ஆணையம் உத்தரவு போடுகிறது. கொடுக்காவிட்டால் நில வருவாய் பாக்கியாக வசூலிக்க வேண்டும். அந்தக் காகிதம் தாசில்தார் மேஜைக்குப் போய்த் தூங்குகிறது. டிராக்டர் கடனுக்கு ஒரு தவணை தவறினால் உழவன் வீட்டு வாசலில் வசூல் வண்டி நிற்கிறது. பில்டர் வீட்டு வாசல் மட்டும் யார் கண்ணிலும் படாதா?

வசூலாகாத உத்தரவுகளின் பட்டியலை, கம்பெனிப் பெயரோடும் தொகையோடும், தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டு! இதுதான் நம் கோரிக்கை. திங்கட்கிழமை ஆனேக்கல் தாலுகா ஆபீசுக்குப் போய் மனு கொடுக்கிறோம். ரசீது, அக்ரிமென்ட் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள், ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நடுவில் ஏஜென்ட் போன் செய்தால், அவரையும் கூட்டி வாருங்கள்.